குளிர்ப்பகுதித் தோட்டங்களில் ஐரிஸ் இனங்கள்

ஐரிஸ் என்பது ஐரிடேசியே குடும்பத்தைச் சேர்ந்த ஒரு பூக்கும் தாவரப் பேரினம் ஆகும். குங்குமப்பூவும் கிளாடியோலசும் இதே குடும்பத்தைச் சேர்ந்தவை. இப்பேரினத்தில் ஏறத்தாழ 260 முதல் 300 வரையான இனங்கள் உள்ளன. இவை அனைத்தும் வட அரைக்கோளத்தில், பெரும்பாலும் மிதவெப்பப் பகுதிகளில், இயற்கையாகக் காணப்படுகின்றன. ஐரோப்பா, சைபீரியா, துருக்கி, மத்திய ஆசியா, இமயமலை, சப்பான், வட அமெரிக்கா ஆகியவை இவற்றின் முக்கிய வாழிடங்கள் ஆகும்.

கனடா, வட ஐக்கிய அமெரிக்கா, உருசியா, வட ஐரோப்பா போன்ற கடுங்குளிர்ப் பகுதிகளில் தோட்டங்களில் விரும்பி வளர்க்கப்படும் பல்லாண்டுத் தாவரங்களுள் ஐரிஸ் முதன்மையானது. எனினும் ஒரே பேரினத்தைச் சேர்ந்த இனங்களே தண்ணீர்த் தேவையில் முற்றிலும் எதிரான இயல்புகளைக் கொண்டுள்ளன. சில இனங்கள் நீருக்குள் நின்று வளர்கின்றன. வேறு சில, குளிர்காலத்தில் வேரடியில் ஈரம் தேங்கினாலே அழுகி விடுகின்றன. ஆகவே குளிர்ப்பகுதியில் ஐரிஸ் வளர்ப்பதற்கு, கையில் உள்ள செடி எந்த இனம் என்று அறிவதே முதற்படி ஆகும். குளிர் தாங்காமல் இறந்ததாகக் கருதப்படும் செடிகள் பலவும் உண்மையில் பொருந்தாத இடத்தில் நடப்பட்டதனாலேயே இறக்கின்றன.

பெயர்

கிரேக்கத் தொன்மத்தில் ஐரிஸ் என்பவள் வானவில்லின் தெய்வம். இப்பேரினத்தின் பூக்கள் பல நிறங்களில் காணப்படுவதால் இப்பெயர் ஏற்பட்டது. சுவீடன் நாட்டுத் தாவரவியலாளர் கரோலஸ் லின்னேயஸ் 1753 இல் வெளியிட்ட இசுபீசீசு பிளாண்டாரம் என்னும் நூலில் இப்பேரினத்துக்கு முறைப்படி பெயரிட்டார்.

ஐரோப்பிய மஞ்சள் ஐரிஸின் அறிவியற் பெயரான ஐரிஸ் சூடகோரஸ் என்பதற்குப் "பொய் அகோரஸ்" என்பது பொருள். அகோரஸ் என்பது தமிழ் மருத்துவத்தில் நன்கு அறியப்பட்ட வசம்பின் பேரினப் பெயராகும். இரண்டும் நீர்நிலைகளின் ஓரத்தில் வளர்வதும், இரண்டின் இலைகளும் வாள் போன்று இருப்பதுமே இப்பெயருக்குக் காரணம்.

உடலமைப்பு

ஐரிஸ் இனங்களை வேறுபடுத்தி அறிய, பூவின் உறுப்புகளை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும்.

தொங்கிதழ்கள்: பூவின் வெளிவட்டத்தில் உள்ள மூன்று இதழ்கள் வெளிப்புறமாக வளைந்து கீழ்நோக்கித் தொங்குகின்றன. தேனீக்கள் வந்து இறங்கும் மேடை இதுவே. இவற்றின் மீது கோடுகளோ நிறத்திட்டுகளோ காணப்படும்.

நிமிரிதழ்கள்: உள்வட்டத்தில் உள்ள மூன்று இதழ்கள் பெரும்பாலான இனங்களில் மேல்நோக்கி நிமிர்ந்து நிற்கின்றன. சில இனங்களில் இவை மிகச் சிறியதாகக் குறுகி விடுகின்றன.

சூல்தண்டுக் கிளைகள்: சூல்தண்டு மூன்றாகப் பிரிந்து, ஒவ்வொரு கிளையும் இதழைப் போலவே அகன்று நிறம் பெற்றிருக்கும். ஒவ்வொரு கிளையின் அடியிலும் ஒரு மகரந்தத்தாள் மறைந்துள்ளது. தேனை நாடி உள்ளே நுழையும் தேனீயின் முதுகில் மகரந்தம் ஒட்டிக் கொள்கிறது. இவ்வகையில் ஒரே பூ மூன்று தனிப் பூக்களைப் போலச் செயற்படுகின்றது.

பாளை: மொட்டுகளை மூடியிருக்கும் உறை. இது பச்சையாக உள்ளதா, காய்ந்த தாள் போல் உள்ளதா என்பது இனங்களைப் பிரித்தறிய உதவும்.

நிலத்தடித் தண்டு: பெரும்பாலான இனங்களில் இஞ்சியைப் போன்ற வேர்த்தண்டுக்கிழங்கு காணப்படும். சில இனங்களில் வெங்காயத்தைப் போன்ற குமிழ்க்கிழங்கு உண்டு.

முக்கிய பிரிவுகள்

தோட்டக்கலை நோக்கில் ஐரிஸ்கள் பின்வரும் நான்கு பிரிவுகளில் அடங்கும்.

தாடி ஐரிஸ்கள்: தொங்கிதழின் நடுவே மயிர்க்கற்றை போன்ற தாடி இருக்கும். தடித்த கிழங்கு மண்ணின் மேற்பரப்பிலேயே படர்ந்து வளரும். இவை நடு, தெற்கு ஐரோப்பாவிலும் மேற்கு ஆசியாவிலும் வறண்ட கோடையைக் கொண்ட நிலங்களில் தோன்றியவை. எனவே நல்ல வடிகாலும் முழு வெயிலும் இவற்றுக்குத் தேவை.

தாடியற்ற ஐரிஸ்கள்: தொங்கிதழ் மழமழப்பாக இருக்கும். கிழங்கு மெலிந்தது. சைபீரிய, சப்பானிய, வட அமெரிக்க நீர்நில இனங்கள் இப்பிரிவில் அடங்கும். இவற்றுள் பெரும்பாலானவை ஈரத்தை விரும்புபவை.

கொண்டை ஐரிஸ்கள்: தாடிக்குப் பதிலாகச் சேவற்கொண்டையைப் போன்ற முகடு இருக்கும். குளிர்ப்பகுதிகளில் வளரும் சிறு இனங்கள் சில இதில் உள்ளன.

குமிழ் ஐரிஸ்கள்: துருக்கி, காக்கேசியா போன்ற மலைப்பகுதிகளைச் சேர்ந்த சிறிய செடிகள். வெண்பனி உருகும் காலத்திலேயே பூப்பவை.

இனங்களை அடையாளம் காணல்

பூவின் நிறத்தை மட்டும் கொண்டு ஐரிஸ் இனத்தை முடிவு செய்தல் தவறாகும். நீல நிற இனங்கள் பல உள்ளன. அவை ஒவ்வொன்றிலும் வெள்ளை நிற வடிவங்களும் தோன்றுவதுண்டு. நிலத்தடித் தண்டு, இலையின் நடுநரம்பு, பாளை, பூத்தண்டின் கிளைகள், விதை ஆகியவை நிறத்தை விட நம்பத்தக்க அடையாளங்கள் ஆகும்.

வட அமெரிக்க நீல ஐரிஸ்கள்

கனடாவின் கிழக்குப் பகுதியிலும் அமெரிக்கப் பேரேரிகளைச் சூழ்ந்த பகுதியிலும் காட்டில் வளரும் நீல ஐரிஸ்கள் மூன்று. இவற்றைப் பிரித்தறிவது தாவரவியலாளருக்கே கடினமாக இருந்தது. மிசூரி தாவரவியல் பூங்காவைச் சேர்ந்த எட்கர் ஆண்டர்சன் 1920களிலும் 1930களிலும் இச்சிக்கலை ஆராய்ந்தார். அவர் அளந்த பூக்களின் அளவுகளை, ஆங்கிலேயப் புள்ளியியலாளர் ரொனால்ட் ஃபிசர் 1936 இல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரையில் பயன்படுத்தினார். மூன்று இனங்கள், இனத்திற்கு 50 பூக்கள் வீதம் 150 பூக்கள், ஒவ்வொன்றிலும் நான்கு அளவுகள் கொண்ட அத்தரவுத் தொகுப்பே இன்றும் புள்ளியியலும் இயந்திரக் கற்றலும் படிக்கும் மாணவர்கள் முதலில் சந்திக்கும் "ஐரிஸ் தரவு" ஆகும். அதில் உள்ள செட்டோசா, வெர்சிகலர் பூக்கள் கியூபெக் மாகாணத்தின் காஸ்பே தீபகற்பத்தில் சேகரிக்கப்பட்டவை.

அத்தரவில் "பெட்டல்" எனக் குறிப்பிடப்படுவது நிமிரிதழ் ஆகும். "செப்பல்" என்பது தொங்கிதழ். மூன்று இனங்களின் நிமிரிதழ் நீளம் வருமாறு:

ஐரிஸ் செட்டோசா: 1.0 முதல் 1.9 செ.மீ. வரை
ஐரிஸ் வெர்சிகலர்: 3.0 முதல் 5.1 செ.மீ. வரை
ஐரிஸ் விர்ஜினிக்கா: 4.5 முதல் 6.9 செ.மீ. வரை

இவ்வளவுகளிலிருந்து இரண்டு செய்திகள் விளங்கும். செட்டோசாவை ஓர் அளவுகோலைக் கொண்டே பிரித்து விடலாம். அதன் நிமிரிதழ்கள் முள்மயிர் போலக் குறுகி இருப்பதால், தொலைவிலிருந்து பார்க்கையில் பூவுக்கு மூன்று இதழ்கள் மட்டுமே இருப்பது போலத் தோன்றும். செட்டோசா என்னும் பெயரே முள்மயிர் உடையது எனப் பொருள்படும். ஆனால் மற்ற இரண்டு இனங்களின் அளவுகள் 4.5 முதல் 5.1 செ.மீ. வரை ஒன்றின்மேல் ஒன்று படிகின்றன. ஆகவே அவற்றைப் பிரிக்க வேறு அடையாளங்கள் தேவை.

வெர்சிகலரின் தொங்கிதழ் அடியில் பசுமஞ்சள் நிறத்திட்டு உண்டு. அதில் மயிர் இல்லை. விர்ஜினிக்காவில் அத்திட்டு அடர்மஞ்சளாகவும் மென்மயிர் கொண்டதாகவும் இருக்கும். வெர்சிகலரின் விதை பளபளப்பான கடினத் தோலுடன் அரைவட்ட வடிவில் இருக்கும். விர்ஜினிக்காவின் விதை தக்கை போன்று மங்கலாக இருக்கும். எனவே பூக்காலத்தில் ஐயம் ஏற்பட்டால், இலையுதிர் காலத்தில் காய் வெடிக்கும்வரை காத்திருந்து உறுதி செய்து கொள்ளலாம்.

இவ்விரண்டும் ஒன்றையொன்று ஒத்திருப்பதற்குக் காரணம் உண்டு. செட்டோசாவுக்கு 38 நிறப்புரிகளும் விர்ஜினிக்காவுக்கு 70 நிறப்புரிகளும் உள்ளன. வெர்சிகலருக்கு உள்ளவை 108, அதாவது முன்னிரண்டின் கூட்டுத்தொகை. வெர்சிகலர் அவ்விரு இனங்களின் கலப்பினால் பண்டைக் காலத்தில் தோன்றியது என்று ஆண்டர்சன் 1936 இல் கூறினார். பின்னாளைய மரபணு ஆய்வுகளும் இதை ஆதரித்துள்ளன.

காஸ்பே கடற்கரையில் வளரும் செட்டோசா இன்று பல தாவரவியலாளர்களால் ஐரிஸ் ஊக்கேரி என்னும் தனி இனமாகக் கொள்ளப்படுகின்றது. அலாசுக்கா, சைபீரியா, சப்பான் ஆகிய பகுதிகளில் வளர்வது செட்டோசா என்ற பெயரையே கொண்டுள்ளது. வெர்சிகலர் 1999 முதல் கியூபெக் மாகாணத்தின் மலர்ச் சின்னமாக விளங்குகின்றது.

சைபீரிய ஐரிஸ்கள்

தோட்டங்களில் "சைபீரிய ஐரிஸ்" என வழங்குபவை பெரும்பாலும் ஐரிஸ் சைபிரிக்கா, ஐரிஸ் சாங்குயினியா ஆகிய இரு இனங்களும் அவற்றின் கலப்பினங்களும் ஆகும். இரண்டுக்கும் 28 நிறப்புரிகள் உள்ளன. சைபிரிக்கா நடு, கிழக்கு ஐரோப்பாவிலிருந்து மேற்குச் சைபீரியா வரை காணப்படும். சாங்குயினியா கிழக்காசியாவுக்கு உரியது.

சைபிரிக்காவின் பூத்தண்டு இலைகளை விட உயர்ந்து கிளைவிடும். பூக்கும்போதே அதன் பாளை காய்ந்து பழுப்பு நிறத்தாள் போல இருக்கும். சாங்குயினியாவின் தண்டு கிளைவிடாது. பாளை பச்சையாக, சிவப்புச் சாயலுடன் இருக்கும். இரண்டுக்கும் இலைகள் புல்லைப் போல ஒடுங்கியவை.

மஞ்சள் ஐரிஸ்

ஐரிஸ் சூடகோரஸ் ஐரோப்பாவுக்கு உரியது. ஒரு மீட்டருக்கும் மேலாக வளர்ந்து மஞ்சள் பூக்களைத் தரும். பூவில்லாத காலத்தில் இதை வெர்சிகலரிலிருந்து பிரித்தறிவது இன்றியமையாதது. ஏனெனில் வட அமெரிக்காவில் இது நீர்நிலைகளை ஆக்கிரமிக்கும் அயல் தாவரம் ஆகும். சூடகோரஸின் இலையில் நடுநரம்பு தடித்து, விரலால் தடவினாலே தெரியும். வெர்சிகலரின் இலையடி பெரும்பாலும் ஊதா நிறமாக இருக்கும்.

வசம்பிலிருந்து இதைப் பிரிக்க இலையைக் கசக்கி முகர்ந்தால் போதும். வசம்பு இலையில் நறுமணம் உண்டு. ஐரிஸ் இலையில் அது இல்லை. இரண்டையும் குழப்பிக் கொள்வது ஆபத்தானது. ஐரிஸ் கிழங்கு உண்ணத் தகாதது.

சப்பானிய ஐரிஸ்கள்

சப்பானில் மூன்று ஐரிஸ்கள் மிகவும் போற்றப்படுகின்றன. அவற்றை வேறுபடுத்தி அறிவது அந்நாட்டினருக்கும் எளிதன்று. தொங்கிதழின் அடியைப் பார்த்து அவற்றைப் பிரிக்கலாம்.

அயாமே, அதாவது ஐரிஸ் சாங்குயினியா: வலைப்பின்னல் போன்ற கோடுகள் உண்டு. வடிகாலுள்ள புல்வெளியில் வளரும்.
காகிட்சுபட்டா, அதாவது ஐரிஸ் லேவிகேட்டா: மெல்லிய வெண்கோடு உண்டு, இலையில் நடுநரம்பு புடைத்திராது. நிற்கும் நீரில் வளரும்.
அனாசோபு, அதாவது ஐரிஸ் என்சாட்டா: மஞ்சள் திட்டு உண்டு, இலையில் நடுநரம்பு தெளிவாகப் புடைத்திருக்கும். கோடையில் மிகுந்த ஈரமும் குளிர்காலத்தில் வடிகாலும் வேண்டும்.

ஓவியர் ஒகாட்டா கோரின் பொன்தகடு பதித்த மடிப்புத் திரைகளில் தீட்டிய புகழ்பெற்ற ஐரிஸ் ஓவியத்தில் உள்ளவை காகிட்சுபட்டா மலர்கள் ஆகும். அவ்வோவியம் தோக்கியோவின் நெசு அருங்காட்சியகத்தில் பாதுகாக்கப்பட்டு வருகின்றது.

தாடி ஐரிஸ் இனங்கள்

ஐரிஸ் பியூமிலா: 10 முதல் 15 செ.மீ. உயரமே வளரும். பூத்தண்டு இல்லாததைப் போல் குறுகி இருக்கும். தண்டு போலத் தோன்றுவது பூவின் நீண்ட குழலே.
ஐரிஸ் அஃபில்லா: பூத்தண்டு பாதி உயரத்துக்குக் கீழேயே கிளைவிடும். குளிர்காலத்தில் இலைகள் முற்றிலும் மடிந்துவிடும். "இலையற்றது" என்பதே இதன் பெயரின் பொருள்.
ஐரிஸ் வேரியகேட்டா: மஞ்சள் நிமிரிதழ்கள், தொங்கிதழ்களில் செம்பழுப்பு நரம்புகள்.
ஐரிஸ் பல்லிடா: பாளை மொட்டு நிலையிலேயே வெள்ளித்தாள் போலக் காய்ந்திருக்கும். பூவில் நறுமணம் உண்டு.
ஐரிஸ் செர்மானிக்கா: பழைய தோட்டங்களில் பரவலாகக் காணப்படுவது. இது கலப்பின வழிவந்தது என்பதால் பெரும்பாலும் விதை பிடிப்பதில்லை.

பல்லிடா, செர்மானிக்கா ஆகியவற்றின் கிழங்குகளை உலர்த்தி ஆண்டுக்கணக்கில் வைத்திருந்தால் ஊதாப்பூவின் மணம் உண்டாகின்றது. இத்தாலியின் புளோரன்சு நகரைச் சூழ்ந்த பகுதி இந்த நறுமணப் பொருளுக்குப் பெயர்பெற்றது.

கொண்டை ஐரிஸ்களும் குமிழ் ஐரிஸ்களும்

ஐரிஸ் கிறிஸ்டேட்டா கிழக்கு ஐக்கிய அமெரிக்காவின் காடுகளுக்கு உரியது. அதனைவிடச் சிறியதான ஐரிஸ் லகுஸ்ட்ரிஸ் பேரேரிக் கரைகளில் மட்டுமே காணப்படும் அரிய இனம். மிச்சிகன் மாநிலம் 1998 இல் இதனைத் தன் காட்டுமலர்ச் சின்னமாக அறிவித்தது. அரிய இனம் என்பதால் இதைக் காட்டிலிருந்து பெயர்த்து வருதல் கூடாது.

ஐரிஸ் ரெட்டிக்குலேட்டாவின் குமிழைச் சுற்றி வலை போன்ற நாருறை இருக்கும். இலையின் குறுக்குவெட்டு நாற்கோணமானது. ஐரிஸ் டான்ஃபோர்டியே இதன் மஞ்சள் நிற உறவினம். இது பூத்தபின் பல சிறு குமிழ்களாகச் சிதறுவதால் மறுபடி பூக்கச் சில ஆண்டுகள் ஆகலாம். ஆகவே இரண்டாம் ஆண்டில் பூக்காவிட்டால் செடி இறந்துவிட்டது எனக் கருத வேண்டியதில்லை.

அடையாளத் திறவுகோல்

1. அடியில் வெங்காயம் போன்ற குமிழ் உண்டா? உண்டெனில் குமிழ் ஐரிஸ். இல்லையெனில் 2 ஐப் பார்க்க.
2. தொங்கிதழில் மயிர்க்கற்றைத் தாடி உண்டா? உண்டெனில் தாடி ஐரிஸ். இல்லையெனில் 3 ஐப் பார்க்க.
3. தொங்கிதழில் முகடு போன்ற கொண்டை உண்டா? உண்டெனில் கொண்டை ஐரிஸ். இல்லையெனில் 4 ஐப் பார்க்க.
4. பூ மஞ்சளாக இருந்து, இலையில் நடுநரம்பு தடித்துள்ளதா? ஆமெனில் சூடகோரஸ். இல்லையெனில் 5 ஐப் பார்க்க.
5. நிமிரிதழ்கள் 2 செ.மீ. நீளத்துக்கும் குறைவாகக் குறுகியுள்ளனவா? ஆமெனில் செட்டோசா அல்லது ஊக்கேரி. இல்லையெனில் 6 ஐப் பார்க்க.
6. இலைகள் புல் போல ஒடுங்கி, பூத்தண்டு உள்ளீடற்றுக் குழல்போல் உள்ளதா? ஆமெனில் சைபீரிய ஐரிஸ். இல்லையெனில் 7 ஐப் பார்க்க.
7. இலையின் நடுநரம்பு தெளிவாகப் புடைத்து, பூ அகன்று தட்டையாக உள்ளதா? ஆமெனில் என்சாட்டா. இல்லையெனில் வெர்சிகலர், விர்ஜினிக்கா, லேவிகேட்டா ஆகியவற்றின் விளக்கங்களோடு ஒப்பிடுக.

இத்திறவுகோல் குளிர்ப்பகுதித் தோட்டங்களில் மிகுதியாகக் காணப்படும் இனங்களுக்கு மட்டுமே பொருந்தும். கலப்பினங்களை இதனால் உறுதியாகப் பிரித்தறிய இயலாது.

குளிரும் ஈரமும்

ஐக்கிய அமெரிக்க வேளாண்மைத் துறை, ஓரிடத்தின் ஆண்டுக் குறைந்த வெப்பநிலைகளின் சராசரியைக் கொண்டு குளிர்தாங்கு வலயங்களை வகுத்துள்ளது. மூன்றாம் வலயத்தில் அது −40 °செ. முதல் −34 °செ. வரையும், நான்காம் வலயத்தில் −34 °செ. முதல் −29 °செ. வரையும், ஐந்தாம் வலயத்தில் −29 °செ. முதல் −23 °செ. வரையும் அமையும். கனடா தன் வலயங்களை வகுக்கும்போது மழை, வெண்பனியின் ஆழம், காற்று போன்றவற்றையும் சேர்த்துக் கொள்கின்றது. செட்டோசா, வெர்சிகலர், சைபிரிக்கா ஆகியவை மூன்றாம் வலயத்தையும் தாங்குபவை. பியூமிலா, அஃபில்லா போன்ற தாடி இனங்களும் கடுங்குளிரைத் தாங்கும்.

இலையுதிர் காலத்தில் வெப்பநிலை படிப்படியாகக் குறையும்போது கிழங்கின் உயிரணுக்களில் சர்க்கரையின் செறிவு கூடுகின்றது. இதனால் அவை எளிதில் உறைவதில்லை. மேலே படியும் வெண்பனியும் ஒரு போர்வையாகச் செயற்பட்டு, மண்ணின் வெப்பநிலை மிகவும் தாழாமல் காக்கின்றது. எனவே தொடர்ந்து வெண்பனி மூடியிருக்கும் இடங்களை விட, அது அடிக்கடி உருகி மீண்டும் உறையும் இடங்களிலேயே இழப்பு மிகுதி.

இவ்வாறு உருகி உறைதலால் இரண்டு தீங்குகள் ஏற்படுகின்றன. முதலாவது, மண்ணில் உள்ள நீர் உறைந்து விரிவடைந்து, வேரூன்றாத செடியை மேலே தள்ளி விடுகின்றது. வெளியே தள்ளப்பட்ட வேர்கள் குளிர்காற்றில் காய்ந்து போகின்றன. இரண்டாவது, அடிமண் உறைந்திருக்கும்போது மேலே உருகிய நீர் வடிய வழியின்றித் தேங்குகின்றது. காற்றோட்டம் அற்ற அந்நீரில் தாடி ஐரிஸின் சதைப்பற்றான கிழங்கு அழுகுகின்றது. சதுப்பில் தோன்றிய சூடகோரஸ், வெர்சிகலர் போன்றவை காற்றற்ற சேற்றைத் தாங்கும் இயல்பு பெற்றவை. ஒரே குளிர்காலத்தில் ஒரே தோட்டத்தில் ஓர் இனம் பிழைத்து மற்றோர் இனம் அழிவதற்கு இதுவே காரணம்.

வளர்ப்பு

இடமும் மண்ணும்

தாடி ஐரிஸ்களுக்கு நாளொன்றுக்கு ஆறு மணி நேரமேனும் நேரடி வெயில் வேண்டும். களிமண் நிலமாயின் மேட்டுப்பாத்தி அமைத்து, சரளையோ பெருமணலோ கலந்து நடுதல் நலம். சைபீரிய ஐரிஸ்களுக்குச் சற்று அமிலத்தன்மை உடைய, மக்கு உரம் நிறைந்த, ஈரம் காக்கும் மண் ஏற்றது. என்சாட்டா சுண்ணாம்பு மண்ணைத் தாங்காது. அதில் இலைகள் மஞ்சளாகி விடும். வெர்சிகலர் குளக்கரையிலும் சாதாரணப் பாத்தியிலும் வளரும். கிறிஸ்டேட்டா பாதி நிழலை விரும்பும்.

நடவு

தாடி ஐரிஸ்களைப் பூத்து முடிந்தபின், சூலை முதல் ஆகத்து இறுதிக்குள் நட வேண்டும். நிலம் உறைவதற்கு ஆறு வாரங்களுக்கு முன்னரே நட்டு முடித்தால்தான் வேர் நன்கு ஊன்றும். சிறு மண்மேடு ஒன்றின் மீது கிழங்கை வைத்து, வேர்களை இருபுறமும் கீழ்நோக்கிப் பரப்பி, கிழங்கின் முதுகு மண்மட்டத்தில் தெரியுமாறு மூடுதல் வேண்டும். ஆழமாகப் புதைப்பதே இவை பூக்காமைக்கும் அழுகலுக்கும் பெருங்காரணம்.

சைபீரிய ஐரிஸ்களை 3 முதல் 5 செ.மீ. ஆழத்தில், வசந்த காலத்திலோ இலையுதிர் காலத் தொடக்கத்திலோ நடலாம். நட்ட முதல் ஆண்டில் மண் காயக்கூடாது. குமிழ் ஐரிஸ்களைச் செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் ஏறத்தாழ 10 செ.மீ. ஆழத்தில், கோடையில் வறண்டிருக்கும் இடத்தில் நட வேண்டும்.

குளிர்காலப் பாதுகாப்பு

முதலாண்டுச் செடிகளுக்கு மட்டும் வைக்கோல், ஊசியிலைக் கிளைகள் போன்ற காற்றோட்டமுள்ள மூடாக்கு இடுதல் போதும். நிலம் உறைந்த பின்னரே மூடாக்கு இட வேண்டும். இதன் நோக்கம் மண்ணைச் சூடாக வைத்திருப்பதன்று. உறைந்த மண் அடிக்கடி உருகாமல் காப்பதே ஆகும். வசந்தத் தொடக்கத்தில் இதனை அகற்றிவிட வேண்டும். ஈர இலைகளைக் குவித்துத் தாடி ஐரிஸ்களை மூடினால் அழுகல் ஏற்படும். மேலே தள்ளப்பட்ட செடிகளை வசந்தத்தில் மெல்ல அழுத்தி, வேரைச் சுற்றி மண் அணைக்கலாம்.

பிரித்து நடல்

தாடி ஐரிஸ் புதர்களை மூன்று அல்லது நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை பிரிக்க வேண்டும். வெளிப்புறத்தில் உள்ள இளங்கிழங்குகளை விசிறி போன்ற இலைத்தொகுதியுடன் வைத்துக்கொண்டு, நடுவில் உள்ள பூத்து ஓய்ந்த கிழங்குகளை நீக்கி விடலாம். சைபீரிய ஐரிஸ்கள் நீண்ட காலம் ஒரே இடத்தில் வளரும். புதரின் நடுப்பகுதி வெறுமையானால் மட்டும் பிரித்தல் போதும்.

விதை மூலம் வளர்த்தல்

குளிர்ப்பகுதி ஐரிஸ்களின் விதைகளுக்கு உறக்கநிலை உண்டு. ஈரமான குளிர் சில மாதங்கள் கிடைத்த பின்னரே அவை முளைக்கும். இலையுதிர் காலத்தில் தொட்டியில் 1 செ.மீ. ஆழத்தில் விதைத்து, வெளியிலேயே குளிர்காலம் முழுவதும் விட்டு வைப்பது எளிய முறை. சில விதைகள் இரண்டாம் வசந்தத்தில் மட்டுமே முளைப்பதால், முளைக்காத தொட்டியை ஓராண்டில் கொட்டிவிடலாகாது. முளைத்த செடி பெரும்பாலும் இரண்டாம் அல்லது மூன்றாம் ஆண்டில் பூக்கும்.

தோட்டத்தில் உறவினங்கள் அருகருகே இருப்பின் தேனீக்கள் அவற்றைக் கலந்துவிடும். அவ்வாறு கிடைத்த விதையின் உறையில் ஓர் இனத்தின் பெயர் இருப்பினும், முளைத்து வருவது கலப்பினமாக இருக்கக்கூடும். ஆகவே விதையிலிருந்து வளர்த்த செடிக்குப் பூவையும் விதையையும் பார்த்த பின்னரே பெயரை உறுதி செய்ய வேண்டும். அதுவரை விதை வந்த இடத்தையும் ஆண்டையும் பெயர்ச்சீட்டில் குறித்து வைப்பது நல்ல வழக்கம்.

வணிகத்தில் பழைய பெயர்களும் வழங்குகின்றன. என்சாட்டாவைக் கெம்ஃபெரி என்றும், சாங்குயினியாவை ஓரியெண்டாலிஸ் என்றும் முன்னர் அழைத்தனர். இன்று ஓரியெண்டாலிஸ் என்பது வேறோர் உயரமான வெள்ளை ஐரிஸின் பெயராகும்.

பூச்சிகளும் நோய்களும்

கிழக்கு வட அமெரிக்காவில் ஐரிஸ்களின் முதல் எதிரி ஐரிஸ் துளைப்பான் எனப்படும் அந்துப்பூச்சியின் புழு ஆகும். இலையுதிர் காலத்தில் தாய்ப்பூச்சி காய்ந்த இலைகளில் முட்டையிடும். முட்டைகள் குளிர்காலத்தைக் கடந்து வசந்தத்தில் பொரிக்கின்றன. புழு இலையைத் துளைத்துக் கொண்டே கீழிறங்கிக் கோடையில் கிழங்கை அடைந்து அதனைக் குடைந்துவிடும். அக்காயத்தின் வழியே பாக்டீரியா நுழைந்து, துர்நாற்றம் உடைய மெல்லழுகல் நோயை உண்டாக்குகின்றது.

இதன் வாழ்க்கைச் சுழற்சி ஆண்டுக்கு ஒன்றே என்பதால் தடுப்பதும் எளிது. உறைபனி விழுந்தபின் காய்ந்த இலைகளை அடியோடு வெட்டி அகற்றினால் பெரும்பாலான முட்டைகளும் அகன்றுவிடும். வசந்தத்தில் இலைகளில் நீர்க்கோத்த கோடுகள் தென்பட்டால், அவ்விடத்தில் இலையை நசுக்கிப் புழுவைக் கொல்லலாம். அழுகிய கிழங்கை நலமான பகுதி வரை வெட்டி நீக்கி, வெட்டுவாயை வெயிலில் உலர்த்தி மீண்டும் நடலாம். சைபீரிய ஐரிஸ்கள் இத்துளைப்பானால் குறைவாகவே பாதிக்கப்படுகின்றன.

நச்சுத்தன்மையும் பரவலும்

ஐரிஸின் எல்லா உறுப்புகளும், குறிப்பாகக் கிழங்கு, உண்டால் வாந்தியும் வயிற்றுப்போக்கும் ஏற்படுத்தும். அதன் சாறு சிலருக்குத் தோல் எரிச்சலை உண்டாக்குகின்றது. பிரித்து நடும்போது கையுறை அணிவதும், வெட்டிய துண்டுகளைக் குழந்தைகளுக்கும் வளர்ப்பு விலங்குகளுக்கும் எட்டாமல் அகற்றுவதும் தேவை.

சூடகோரஸின் விதைகள் நீரில் மிதந்து நெடுந்தொலைவு செல்லும். உடைந்த கிழங்குத் துண்டுகளும் புதிய இடத்தில் வேரூன்றும். இவ்வாறு பரவி, உள்நாட்டு நீர்த்தாவரங்களை நெருக்கி அழிப்பதால் வாசிங்டன், ஒரிகன் உள்ளிட்ட மாநிலங்கள் இதனைத் தீங்குக்களையாகப் பட்டியலிட்டுள்ளன. வட அமெரிக்காவில் நீரோடைக்கு அருகில் தோட்டம் உடையோர் இதற்கு மாற்றாக, அம்மண்ணுக்கே உரிய வெர்சிகலரை வளர்க்கலாம். ஏற்கெனவே வளர்ந்திருப்பின், காய்கள் முற்றும் முன்னரே அவற்றை வெட்டிவிடுதல் வேண்டும்.

ஆய்வு வரலாறு

கேம்பிரிட்ச் பல்கலைக்கழக உடலியங்கியல் பேராசிரியர் மைக்கேல் ஃபாஸ்டர் 19 ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பல நாடுகளிலிருந்து ஐரிஸ்களைத் தருவித்து வளர்த்தார். அவர் வழியில் வில்லியம் டைக்சு எழுதிய "ஐரிஸ் பேரினம்" என்னும் நூல் 1913 இல் வெளிவந்தது. கடுங்குளிர் நகரான லெனின்கிராடில் பணியாற்றிய கியார்கி ரொடியொனென்கோ 1961 இல் உருசிய மொழியில் இப்பேரினம் குறித்து விரிவான நூலை வெளியிட்டார். பிரயன் மேத்யூ 1981 இல் வெளியிட்ட நூலின் வகைப்பாட்டைத் தோட்டக்கலைஞர் பலர் பின்பற்றி வருகின்றனர். அமெரிக்க ஐரிஸ் சங்கம் 1920 இல் தொடங்கப்பட்டது. கனடாவின் ஆமில்டன் நகரில் உள்ள அரச தாவரவியல் பூங்காவில் ஐரிஸ்களின் பெரும் தொகுப்பு ஒன்று உள்ளது.

இவற்றையும் பார்க்க

குங்குமப்பூ
வசம்பு
பல்லாண்டுத் தாவரம்
வேர்த்தண்டுக்கிழங்கு